காவல் வண்டிக்கா, உயிருக்கா?

நம் கல்லூரி மரத்தடியில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைச் சற்றே நோக்குங்கள். பலவற்றின் முன்புறம் பளபளக்கும் இரும்புக் காவல் ஒன்று இருக்கும். ‘கிராஷ் கார்டு’ என்கிறோம். விழுந்தால் காலைக் காக்கும் என்று நம்பிப் பணம் கொடுத்து மாட்டுகிறோம். அந்த நம்பிக்கை முழு உண்மையா?

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் நேர்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்த ஹாரி ஹர்ட் குழுவினரின் அறிக்கை 1981இல் வெளிவந்தது. இக்காவலால் பாதக் காயம் குறைந்தது. முழங்காலிலும் தொடையிலும் காயம் கூடியது. ஆக, வரவும் செலவும் சரிக்குச் சரி என்றது அவ்வறிக்கை.

அதனால் அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டி சாய்ந்தால் எஞ்சினையும் கியர் லீவரையும் அது காக்கும். ஆனால் பொருத்துவதிலும் முறை உண்டு. அந்தந்த வண்டிக்கென்றே செய்ததை வாங்க வேண்டும். சேஸிஸில் உள்ள துளைகளில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். வெல்டிங் வைத்தால் சூட்டில் குழாய் வலுவிழக்கும். ஹாண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பி, சக்கரம் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். வளைந்ததை நிமிர்த்தி மீண்டும் மாட்டலாகாது.

என் ஆதங்கம் வேறு. தலைக்காயத்தைத் தடுப்பதில் தலைக்கவசமே முதன்மையானது என்றும் அதே அறிக்கை கூறுகிறது. இரும்புக்குச் செலவிடும் நாமோ, ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட தலைக்கவசத்தைக் கண்ணாடியில் தொங்கவிட்டுச் செல்கிறோம். வளைந்த கம்பிக்குக் கடையில் மாற்று உண்டு. உடைந்த தலைக்கு உண்டோ? நண்பர்களே, சிந்திப்போம்!