கோட்டையில் விரிசலா? மான்செஸ்டர் ரசிகர்கள் வாக்குவாதம்

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ந் தேதி. இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் நகரம். ஆன்பீல்டு மைதானம்.

மான்செஸ்டர் சிட்டி கால்பந்து கோஷ்டி 2-0 என்ற கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தது. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒரே கொண்டாட்டம். அவர்கள் சிட்டியின் பயிற்சியாளர் பெப் கார்டியோலாவைப் பார்த்துப் பாட்டுப் பாடினார்கள். நாளைக் காலையில் உமக்கு வேலை போய்விடும் என்று கேலி செய்கிற பாட்டு அது.

கார்டியோலா சிரித்தார். கையை உயர்த்தினார். 6 விரல்களைக் காட்டினார்.

6 முறை சாம்பியன் பட்டம் வாங்கியவன் நான் என்று அர்த்தம்!

அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது. அன்று மூண்ட வாக்குவாதம் மாதக்கணக்கில் ஓயவில்லை. சிட்டியின் ராஜ்யம் சரிந்துவிட்டதா? கோஷ்டிக்குள் சண்டையா? பத்திரிகைகள் சொல்வது உண்மையா, புளுகா?

எந்த மான்செஸ்டர்?

கோயம்புத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்பார்களே, அந்தப் பெயருக்கு மூலமான ஊர்தான் இது. ஒரு காலத்தில் பஞ்சாலைகளுக்குப் பேர் போனது. இன்று கால்பந்துக்குப் பேர் போனது. ஊரில் 2 பெரிய கோஷ்டிகள். ஒன்று யுனைடெட். மற்றொன்று சிட்டி.

இங்கிலாந்தின் முதல் தர லீக்கில் 20 கோஷ்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் 38 பந்தயம் ஆட வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி. சமனுக்கு 1 புள்ளி. முடிவில் அதிகப் புள்ளி வைத்திருப்பவரே சாம்பியன்.

2021, 2022, 2023, 2024 ஆகிய 4 ஆண்டுகளிலும் தொடர்ந்து சிட்டிதான் சாம்பியன். இங்கிலாந்தில் அதற்கு முன்பு எந்தக் கோஷ்டியும் இப்படி 4 ஆண்டு தொடர்ந்து பட்டம் வாங்கியதில்லை. 2023-ல் லீக் பட்டம், எப்.ஏ. கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை மூன்றையும் ஒரே சீசனில் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அப்படிப்பட்ட கோஷ்டிக்குத்தான் 2024 அக்டோபர் 30-ந் தேதி சனி பிடித்தது.

13-ல் ஒன்று!

அன்று டோட்டன்ஹாமிடம் தோல்வி. பிறகு போர்ன்மவுத். பிறகு போர்த்துக்கல் நாட்டின் ஸ்போர்ட்டிங் கோஷ்டி. பிறகு பிரைட்டன். நவம்பர் 23-ந் தேதி மறுபடி டோட்டன்ஹாம். அதுவும் சொந்த மைதானத்தில் 4-0!

தொடர்ந்து 5 தோல்வி. கார்டியோலாவின் பயிற்சியாளர் வாழ்க்கையில் அதற்கு முன்பு இப்படி நடந்ததே கிடையாது.

3 நாள் கழித்து பெய்னூர்ட் என்ற நெதர்லாந்து கோஷ்டி வந்தது. 75-வது நிமிஷம் வரை சிட்டி 3-0 என்று முன்னால் நின்றது. ரசிகர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். கடைசி கால் மணி நேரத்தில் 3 கோல் வாங்கிக்கொண்டார்கள். பந்தயம் சமன். முடிந்ததும் வெளியே வந்த கார்டியோலாவின் மூக்கிலும் தலையிலும் கீறல்கள். அவருடைய நகமே பட்ட கீறல் அது. அதுவும் பெரிய செய்தி ஆகிவிட்டது.

அக்டோபர் 30 முதல் டிசம்பர் 26 வரை 13 பந்தயம். வெற்றி 1. சமன் 3. தோல்வி 9.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு "சரிவே இல்லை" என்று எந்த ரசிகரும் வாதாட முடியாது. சரிவு உண்மை. சண்டை என்பதுதான் கேள்வி.

டி புருய்னே விவகாரம்

கெவின் டி புருய்னே பெல்ஜியம் நாட்டுக்காரர். 2015-ல் சிட்டிக்கு வந்தார். பந்தை அவர் அனுப்புகிற அழகே தனி. கூட்டத்தில் நிற்கிற ஒருவன் சட்டைப் பையில் கடிதத்தைச் செருகுவதுபோல, ஆள் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் வைப்பார்.

2024 செப்டம்பரில் அவருக்குக் காயம். நவம்பரில் திரும்பி வந்தார். ஆனால் முதல் 11 பேரில் அவருக்கு இடம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இறங்கினாலும் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார். இத்தனைக்கும் கோஷ்டி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

இது போதாதா? டெலிவிஷனில் கருத்துச் சொல்லும் பழைய ஆட்டக்காரர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். கார்டியோலாவுக்கும் டி புருய்னேவுக்கும் ஏதோ தகராறு என்ற பேச்சு எழுந்தது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

கார்டியோலா மறுத்தார். டி புருய்னே ஆட வேண்டும் என்று தன்னைவிட ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை, நீண்ட காயத்துக்குப் பிறகு உடம்பு தேற வேண்டும், அவ்வளவுதான் என்ற பொருளில் பதில் சொன்னார்.

ரசிகர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்தார்கள்.

"எல்லாம் பத்திரிகைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. நாம் ஜெயித்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை" என்றது ஒரு பிரிவு.

"நெருப்பு இல்லாமல் புகையுமா?" என்று கேட்டது மற்றப் பிரிவு.

டிசம்பர் 4-ந் தேதி நாட்டிங்ஹாம் பாரஸ்டுடன் பந்தயம். டி புருய்னே முதல் 11 பேரில் இறங்கினார். முதல் கோலுக்குப் பந்து கொடுத்தார். இரண்டாவது கோலை அவரே போட்டார். சிட்டிக்கு 3-0 வெற்றி. அந்த 13 பந்தயத்தில் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்!

முதல் பிரிவு சொன்னது: "பார்த்தீர்களா, தகராறு இல்லை." இரண்டாவது பிரிவு சொன்னது: "பார்த்தீர்களா, இவரை உட்கார வைத்ததுதான் தப்பு." ஒரே பந்தயம். ஒரே கோல். இரண்டு சாட்சியம்!

புகை கிளம்பும் விதம்

இத்தகைய செய்தி எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பந்தயத்துக்கு முன்பு பயிற்சியாளர் நிருபர்களைச் சந்திக்கிறார். பந்தயம் முடிந்த பின்பும் சந்திக்கிறார். வாரத்துக்கு 2 பந்தயம் என்றால் 4 சந்திப்பு. அத்தனையிலும் புதிதாகச் சொல்ல அவரிடம் என்ன இருக்கும்?

ஒரு நிருபர் கேட்கிறார்: "உங்களுக்குள் தகராறா?" பயிற்சியாளர் "இல்லை" என்கிறார். மறுநாள் தலைப்பு எப்படி வரும்? "தகராறு இல்லை என மறுப்பு!" படிக்கிறவர் மனதில் நிற்பது "இல்லை" என்ற சொல் அல்ல. "தகராறு" என்ற சொல்தான். நிருபர் பொய் எழுதவில்லை. பயிற்சியாளர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தகராறு ஊர் முழுவதும் நடந்து போய்விட்டது.

பெயர் சொல்லாத "வட்டாரங்கள்" வேறு உண்டு. அந்த வட்டாரம் ஆட்டக்காரரின் ஏஜெண்டாகவும் இருக்கலாம். புது ஒப்பந்தத்துக்காகப் பேரம் பேசுகிறவராகவும் இருக்கலாம். சும்மா இருக்கிற மூன்றாவது ஆளாகவும் இருக்கலாம்.

நிஜமான காரணம்

டி புருய்னேவைப் பற்றிப் பேசிய அளவுக்கு ரோட்ரியைப் பற்றி யாரும் பரபரப்பாகப் பேசவில்லை. அதில் சண்டை இல்லை அல்லவா?

ரோட்ரி ஸ்பெயின் நாட்டுக்காரர். கோல் போடுகிறவர்களுக்கும் கோலைக் காக்கிறவர்களுக்கும் நடுவே நிற்பவர். ஏரிக்கு மதகு மாதிரி. வேண்டும்போது பந்தைத் திறந்து விடுவார். ஆபத்து வந்தால் அடைத்து விடுவார். மதகைப் பார்த்து யாரும் கை தட்டுவதில்லை. வீட்டில் தாய் 3 நாள் ஊருக்குப் போனால் அடுப்படி என்ன கதி ஆகிறது? அதுபோலத்தான்.

2023 பிப்ரவரிக்குப் பிறகு ரோட்ரி இறங்கிய ஒரு லீக் பந்தயத்தில்கூட சிட்டி தோற்கவில்லை. 2024 செப்டம்பர் 22-ந் தேதி ஆர்சனலுடன் ஆடும்போது அவருடைய முழங்கால் நொறுங்கியது. அந்த சீசன் கிட்டத்தட்ட முழுவதும் அவர் இல்லை.

இதில் ஒரு வேதனை. அதற்குச் சில நாள் முன்புதான், பந்தயங்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டன, ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அக்டோபர் 28-ந் தேதி பாரீஸ் நகரில் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்துப் பரிசை வாங்க ஊன்றுகோலுடன் வந்தார்.

இன்னொரு காரணம் வயது. வாக்கருக்கு 34. குண்டோகனுக்கு 34. டி புருய்னேவுக்கு 33. இளம் ஆட்டக்காரர்களில் கோல் பால்மரை 2023-ல் செல்சிக்கும், அல்வாரெசை 2024-ல் ஸ்பெயினின் அட்லெட்டிக்கோவுக்கும் விற்றுவிட்டார்கள். வெற்றி வரும்போது இதை யாரும் கவனிக்கவில்லை. நல்ல மழை பெய்கிற வருஷத்தில் கிணறு தூர் வாருகிறவன் யார்?

போனது யார்?

2025 ஜனவரியில் ஒரு செய்தி வெளியே வந்தது. ஒருவர் கோஷ்டியை விட்டுப் போக விரும்புகிறார். வெளிநாட்டில் ஆட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

டி புருய்னே அல்ல. காப்டன் கைல் வாக்கர்!

இதைக் கார்டியோலாவே நிருபர்களிடம் சொன்னார். அந்த மாதக் கடைசியிலேயே வாக்கர் இத்தாலியின் மிலான் கோஷ்டிக்குப் போய்விட்டார். மாதக்கணக்கில் எல்லோரும் கூடத்தில் புகை தேடினார்கள். முதலில் ஆள் கிளம்பியது கொல்லைப்புறத்தில்.

ஆனால் "கட்டுக்கதை" என்ற பிரிவும் மார்தட்டிக்கொள்ள முடியவில்லை. 2025 ஏப்ரல் 4-ந் தேதி டி புருய்னேவும், சீசன் முடிந்ததும் விடைபெறுவதாக அறிவித்தார். கோஷ்டி தனக்குப் புது ஒப்பந்தம் தர முன்வரவில்லை, அது தனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது என்றும் சொன்னார். இதில் கைகலப்பு இல்லை, கூச்சல் இல்லை. 10 ஆண்டு உழைத்தவருக்கு மனத்தாங்கல் இருந்தது. கோஷ்டிக்குக் கணக்கு இருந்தது. பத்திரிகைத் தலைப்பில் அடங்குகிற சண்டை அல்ல இது. பல குடும்பங்களில் பாகப்பிரிவினை இப்படித்தான் சத்தம் இல்லாமல் நடக்கிறது.

கிழவர்கள் சிரித்தார்கள்

பழைய ரசிகர்களுக்கு இந்த ஆர்ப்பாட்டம் வேடிக்கையாக இருந்தது. அவர்கள் உண்மையான சரிவைக் கண்ணால் பார்த்தவர்கள்.

1998-ல் சிட்டி மூன்றாம் தரத்துக்கு விழுந்தது. 1999 மே 30-ந் தேதி மேலே ஏறுவதற்கான கடைசிப் பந்தயம். எதிரி கில்லிங்ஹாம் என்ற சிறிய ஊர்க் கோஷ்டி. 89-வது நிமிஷத்தில் சிட்டி 2-0 என்று பின்னால் இருந்தது. கடைசி நிமிஷங்களில் 2 கோல் போட்டு, பெனால்டியில் ஜெயித்தது. அதில் தோற்றிருந்தால் பின்னால் வந்த அபுதாபிப் பணமும், கோப்பைகளும் இந்தக் கோஷ்டியைத் தேடி வந்திருக்குமா என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1937-ல் சிட்டி சாம்பியன். 1938-ல் அதே சிட்டி முதல் தரத்திலிருந்து கீழே தள்ளப்பட்டது! அந்த சீசனில் அந்தத் தரத்தில் மற்ற எல்லாரையும்விட அதிகக் கோல் போட்டதும் சிட்டிதான். 80 கோல். இங்கிலாந்தில் சாம்பியனாக இருந்து மறு ஆண்டே விழுந்த கோஷ்டி வேறு கிடையாது.

2025-ல் என்ன நடந்தது? 71 புள்ளியுடன் மூன்றாம் இடம். முந்தைய ஆண்டு 91 புள்ளி. லிவர்பூல் 84 புள்ளியுடன் சாம்பியன். எப்.ஏ. கோப்பை இறுதிப் பந்தயத்தில் கிரிஸ்டல் பேலசிடம் 1-0 தோல்வி. பெரிய கோப்பை ஒன்றும் இல்லை. மற்றக் கோஷ்டிகளுக்கு மூன்றாம் இடம் திருவிழா. சிட்டிக்கு இழவு வீடு.

கார்டியோலாவை விரட்ட வேண்டும் என்ற கூச்சல் சிட்டி ரசிகர்களிடம் வலுக்கவில்லை. 2024 அக்டோபரில் அவருடைய தாய்மொழியான கடலான் மொழியிலேயே துணி எழுதிப் பிடித்து, போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள். நவம்பர் 21-ந் தேதி அவர் 2027 வரை ஒப்பந்தத்தை நீட்டினார். 2 நாள் கழித்துத்தான் அந்த 4-0 தோல்வி!

ரசிகர்களுக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில் இருந்தது. அது டிக்கெட். 2025 ஏப்ரல் 2-ந் தேதி லெஸ்டருடன் பந்தயம். டிக்கெட் மறுவிற்பனை ஏற்பாட்டை எதிர்த்து ஒரு பகுதி ரசிகர்கள் ஆரம்ப நிமிஷங்களில் உள்ளே போகாமல் வெளியே நின்றார்கள். இரண்டாவது நிமிஷத்திலேயே சிட்டி கோல் போட்டுவிட்டது. அவர்கள் அதைப் பார்க்கவில்லை. தகராறு வதந்திக்குக் கிடைத்த இடத்தில் கால் பங்குகூட இந்தச் செய்திக்குக் கிடைக்கவில்லை.

2025 செப்டம்பர் 18-ந் தேதி டி புருய்னே மான்செஸ்டருக்குத் திரும்பி வந்தார். இத்தாலியின் நாப்போலி கோஷ்டிக்காக, சிட்டிக்கு எதிராக. 21-வது நிமிஷத்தில் நாப்போலி காப்டனுக்குச் சிவப்பு அட்டை. தற்காப்புக்கு ஆள் தேவைப்பட்டது. அதனால் 26-வது நிமிஷத்திலேயே டி புருய்னேவை வெளியே எடுத்துவிட்டார்கள். அவர் நடந்து போகும்போது சிட்டி ரசிகர்கள் கை தட்டினார்கள். சிட்டி 2-0 என்று ஜெயித்தது.