மறைத்த நோயும் கப்பல் ஏறும்

“டாக்டர், மகன் சிங்கப்பூருக்குக் கூப்பிடுறான். கடிதத்துல சர்க்கரைன்னு மட்டும் எழுதிடாதீங்க, இன்ஷூரன்ஸ்காரங்க காசு கூடக் கேப்பாங்களாம்.”

எங்கள் புறநோயாளிகள் பிரிவில் இந்த வேண்டுகோளைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆலங்குடி, அறந்தாங்கி, கீரனூர் வட்டாரங்களில் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பணிபுரியும் குடும்பங்கள் ஏராளம். பேரப்பிள்ளையைக் காணத் திருச்சியில் விமானம் ஏறும் பெற்றோரை, அங்கிருந்து மூன்று நான்கு நாள் சொகுசுக் கப்பல் பயணத்திற்கும் பிள்ளைகள் அழைத்துச் செல்கின்றனர். உழைத்துக் களைத்த பெற்றோருக்கு அது நியாயமான மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைப் பாதுகாக்க எடுக்கும் காப்பீட்டில் நோயை மறைப்பதைத்தான் நாங்கள் வன்மையாக மறுக்கிறோம். மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் காகிதமாகிவிடக்கூடும்.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளே சான்று. நீண்டகாலச் சர்க்கரை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் இருந்த ஒருவர், அவற்றைத் தெரிவிக்காமல் 1990ஆம் ஆண்டில் மருத்துவக் காப்பீடு எடுத்தார். அதே ஆண்டில் இறந்தார். நிறுவனம் பணம் தர மறுத்தது சரியே என்று 2009ஆம் ஆண்டில் நீதிமன்றம் கூறியது.

இரண்டாவது வழக்கு வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டைப் பற்றியது. ஒரு பயணி தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிவித்து, மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டுப் பாலிசி பெற்றார். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் உடல் வியர்த்துச் சோர்ந்தது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்த வேண்டியதாயிற்று. அப்போது நிறுவனம் பழைய நோயைக் காரணம் காட்டிக் கைவிரித்தது. நோயை அறிந்தே பாலிசி கொடுத்துவிட்டுப் பின்னர் அதே நோயைச் சொல்லி மறுக்க இயலாது என்று 2021 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பது வருத்தத்திற்குரியது. ஆயினும் அவரைக் காத்தது, முன்கூட்டியே சொன்ன உண்மைதான்.

கப்பல் பயணத்தில் இந்த எச்சரிக்கை இருமடங்கு தேவை. பெரிய பயணிகள் கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் இருப்பர். ஈசிஜி எடுக்கவும் முதற்கட்டச் சிகிச்சை தரவும் வசதி உண்டு. ஆனால் அது முழுமையான மருத்துவமனை அன்று. மாரடைப்போ பக்கவாதமோ வந்தால் நோயாளியை நிலைப்படுத்தி, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதே வழக்கம். அது மலேசியாவாகவோ தாய்லாந்தாகவோ இருக்கலாம். கப்பலில் பெறும் சிகிச்சைக்கான கட்டணம் பெரும்பாலும் பயணியின் கணக்கிலேயே சேரும். ரசீதுகளைக் காட்டிப் பின்னர்தான் காப்பீட்டில் கேட்டுப் பெற வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கடல் கடந்து செல்லாது. உள்நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவையும் அப்படியே.

ஆகவே, பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முன்பே உள்ள நோயால் வரும் பாதிப்புக்குச் சிகிச்சைச் செலவு கிடைக்குமா, அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும்தானா? அதற்குத் தனி உச்சவரம்பு உண்டா? கப்பல் நிற்கும் எல்லா நாடுகளும், கப்பல் பயணமும் பாலிசியில் அடங்குமா? நோயாளியைக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்கும், பின்னர் ஊருக்கும் கொண்டுவரும் செலவை யார் ஏற்பார்கள்? விடைகளை வாய்மொழியாகக் கேட்டு நிறைவடையாதீர்கள். பாலிசி ஆவணத்தில் எழுத்தாகப் பாருங்கள்.

குற்றம் நோயாளியுடையது மட்டுமே என்று நாங்கள் கருதவில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை முகவர் நிரப்புகிறார். எல்லா நோய்களுக்கும் “இல்லை” என்று குறித்துக் கையொப்பம் மட்டும் வாங்குகிறார். அதைப் படித்துச் சொல்லப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. மருத்துவர்களாகிய நாங்களும் புரியாத கையெழுத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து, எங்கள் பங்குக்குக் குழப்பம் சேர்த்திருக்கிறோம். ஆனால் கையொப்பம் உங்களுடையது, விளைவும் உங்களுடையதே. நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டில் படித்தவர் ஒருவரைக் கொண்டு வரிவரியாகச் சரிபாருங்கள். “பிரஷர் மாத்திரை போட்டால் சரியாகத்தானே இருக்கிறது, அது நோயா?” என்று சிலர் கேட்கின்றனர். மாத்திரையால் கட்டுப்பட்டிருந்தாலும் அது நோயே. பழைய ஸ்டென்ட், தைராய்டு, ஆஸ்துமா, அறுவை சிகிச்சை, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பயணத்திற்கு ஒரு மாதம் முன்னரே எங்களிடம் வாருங்கள். உங்கள் நோய்கள், மருந்துகளின் பெயர், அளவு, கடைசிப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைத் தெளிவாகத் தட்டச்சு செய்து தருவது எங்கள் கடமை. புறப்படுவதற்குச் சற்றுமுன் மருந்து மாற்றப்பட்டிருந்தால் அதையும் நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள். சிலரிடம் “இப்போது போக வேண்டாம்” என்றும் சொல்வோம். மருத்துவர் தடுத்தும் மேற்கொண்ட பயணத்திற்குக் காப்பீடு பொதுவாகக் கை கொடுக்காது.

உண்மையைச் சொல்லியும் பணம் மறுக்கப்பட்டால் மனம் தளர வேண்டாம். முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

சர்க்கரை என்று எழுத வேண்டாம் எனக் கேட்பவர்களுக்கு எங்கள் விடை ஒன்றுதான்: எழுதியே தருவோம். அந்த ஒரு சொல்லுக்காகச் சில நூறோ சில ஆயிரமோ கூடுதலாகச் செலவாகலாம். அதை மறைத்தால், அயல்நாட்டு மருத்துவமனையின் வாசலில் உங்கள் மகன் தன் பல ஆண்டுச் சேமிப்பை எண்ணிக்கொண்டு நிற்க நேரிடும்.