அழகு ஊசியும் அமானிதமும்

அண்மையில் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். நிக்காஹ் நிச்சயமாகியிருக்கும் தம் பேத்தி, உதட்டையும் கன்னத்தையும் எடுப்பாக்கும் 'ஃபில்லர்' ஊசியைப் போட்டுக்கொள்ள விரும்புவதாகக் கூறி, "மார்க்கத்தில் இது கூடுமா, ஹஜ்ரத்?" என்று வினவினார். "அந்த ஊசியில் இருக்கும் பொருள் என்ன? அதைப் போடுகிறவர் யார்?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். "அது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியல்லவா?" என்றார் அவர். இல்லை, அது மார்க்கக் கேள்வியும்தான் என்பதை விளக்கவே இதனை எழுதுகிறோம்.

இவ்வுடல் நமக்குச் சொந்தமானதன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். உடலை எவ்வழியில் தேய்த்தழித்தாய் என்று மறுமையில் மனிதன் வினவப்படுவான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தன்னைத்தானே அழிவில் தள்ளிக்கொள்வதைத் திருமறையும் தடுத்துள்ளது.

ஹதீஸ் நூல்களில் அர்ஃபஜா (ரலி) அவர்களின் வரலாறு காணப்படுகிறது. அறியாமைக் காலத்தில் 'குலாப்' என்னும் போரில் அவர்கள் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அது துர்நாற்றம் வீசத் தொடங்கியது. அப்போது தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆயினும் வெள்ளி உடலுக்கு ஒவ்வாததால் தங்கம் அனுமதிக்கப்பட்டது. உடலோடு சேரும் பொருள் அவ்வுடலை என்ன செய்கிறது என்பதும் ஷரீஅத்தின் கவனத்துக்கு உரியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இந்த ஊசியின் வரலாறும் அதையே உணர்த்துகிறது. 1899 ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் கெர்சூனி, நோயினால் உறுப்பிழந்த ஒருவருக்கு வாஸலினை ஊசி மூலம் செலுத்தினார். பின்னர் பாரஃபின் மெழுகை முகத்திலும் மூக்கிலும் செலுத்தும் வழக்கம் பரவியது. தொடக்கத்தில் அனைவரும் மகிழ்ந்தனர். காலம் சென்றபின் மெழுகு இடம்பெயர்ந்தது. கட்டிகளும் புண்களும் தோன்றின. அதன்பின் திரவ சிலிக்கோன் வந்தது. அது இரத்தக் குழாய் வழியே நுரையீரலுக்கும் மூளைக்கும் சென்று உயிரையே பறிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரித்தது. போட்ட மறுநாள் முகம் பொலிவதைக் கொண்டு ஒரு பொருள் தீங்கற்றது என முடிவு செய்வது பேதைமை. பல காலம் சோதித்துப் பார்த்தே அதனை அறிய முடியும்.

இன்று பெரிதும் பயன்படும் ஹயலூரானிக் அமிலம் நம் உடலிலேயே இயற்கையாக உள்ள பொருள்தான். நெடுநாள் கரையாமல் இருக்க இரசாயனத்தால் அதனைப் பிணைக்கின்றனர். அந்த இரசாயனம் எஞ்சியுள்ளதா, கிருமி கலந்துள்ளதா, உடலின் திசுக்கள் அதனை ஏற்கின்றனவா என்றெல்லாம் ஆராய்ந்து, மனிதரிடம் சோதித்த பின்னரே அதற்கு ஒப்புதல் கிடைக்கிறது. சோதித்த பொருளாயினும் ஆபத்து அறவே நீங்கிவிடுவதில்லை. மூக்கையும் புருவ இடையையும் சுற்றியுள்ள நாளங்கள் கண்ணின் நாளத்தோடு தொடர்புள்ளவை. ஊசி தவறி நாளத்துள் புகுந்தால் மருந்து கண்ணுக்குச் செல்லும் இரத்தத்தை அடைத்துவிடும். சிறிது நேரத்துக்குள் பார்வை மீளாது போகும். குருடும் பக்கவாதமும் நேரக்கூடும் என்று அதே நிர்வாகம் 2015 இல் அறிவித்தது.

செல்வம் மிக்க இங்கிலாந்திலேயே சட்டம் பிந்தித்தான் வந்தது. சர் புரூஸ் கியோ தலைமையில் அமைந்த குழு, இத்துறையில் போதிய கட்டுப்பாடு இல்லை என 2013 இல் சுட்டிக்காட்டியது. பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு அழகுக்காக ஊசி போடுவது அங்கே சட்டத்தால் தடுக்கப்பட்டது 2021 இல்தான். ஆகவே, சட்டம் வந்து காக்கட்டும் என்று எந்தக் குடும்பமும் காத்திருத்தல் தகாது.

மருத்துவம் அறிந்தவர் என அறியப்படாதவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபிமொழி காட்டும் சட்டம். சில நாள் பயிற்சியோடு அழகு நிலையத்தில் ஊசி ஏந்துகிறவர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். மருந்தைத் தபாலில் வரவழைத்துத் தாமே குத்திக்கொள்வோரும் எண்ணிப் பார்க்கட்டும்.

விபத்தின் வடுவையோ, நோயால் வற்றிய கன்னத்தையோ சீராக்குவது அர்ஃபஜா (ரலி) அவர்களின் வழியைச் சேர்ந்தது, அது சிகிச்சை. அங்கும் நான்கு வினாக்கள் கடமையாகும். மருந்தின் பெயரும் ஒப்புதலும் என்ன? அது எதிலிருந்து எடுக்கப்பட்டது, பன்றியின் கொலாஜன் கலந்ததா? போடுகிறவர் பதிவு பெற்ற, இதில் தேர்ந்த மருத்துவரா? தவறு நேர்ந்தால் உடனே கரைக்கும் மருந்து அவரிடம் உண்டா? விடை கிடைக்காத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே தக்வா.

குறையேதும் இல்லாத முகத்தை, அழகு போதவில்லை என்று மாற்றுவதோ வேறு. அழகுக்காகப் பல்லை அராவுவோரையும் பச்சை குத்துவோரையும் பெருமானார் (ஸல்) கண்டித்ததை உலமாக்கள் இதற்குச் சான்றாகக் கூறுவர். தேவையின்றிக் கண்ணைப் பணயம் வைக்கும் அலங்காரம் கூடாது என்பதே நம் கருத்து. இதில் பெண்ணை மட்டும் கடிந்து பயனில்லை. பெண் பார்க்கச் சென்று நிறத்தையும் உதட்டையும் எடைபோடும் நம் வீட்டாருக்கும் இதில் பங்குண்டு.

அந்தப் பெரியவர் மறுவாரம் வந்தார். பேத்தியிடம் நான்கு வினாக்களையும் எழுதிக் கொடுத்தாராம். நிலையத்தார் முதல் வினாவுக்கே விடை சொல்லவில்லையாம். அவள் திரும்பி வந்துவிட்டாளாம்.

அல்லாஹ் தந்த உடலை அவன் உவக்கும் வழியில் பேணிக் காக்கும் நல்லறிவை நம் அனைவருக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.