முதுகுப்பையோடு பினாங்கில்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்திறங்கும் இளம் தம்பதிக்கு ஜார்ஜ் டவுனில் முதல் வேலை, சூலியா தெருவிலோ லவ் லேனிலோ மலிவான அறை தேடுவது. மூட்டையை இறக்கியதும் நாசி கண்டார் கடை. சோறும் குழம்புமாகத் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த சாப்பாடு அது. குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொன்னால்தான் ருசி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குயின் தெரு மாரியம்மன் கோயில் எல்லாம் நடை தூரம். வெயில்தான் படுத்தும்.

இப்படி முதுகுப்பையோடு வருகிறவர்களால் ஊருக்கு என்ன லாபம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சின்ன விடுதிக்கும் தள்ளுவண்டிக்கும் நேராகப் போகும் காசு லாபமில்லையா?

நெருடல் வேறிடத்தில். 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. 2008இல் நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கடைவீடுகள் பல விடுதிகளாக மாற, பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறினார்கள். அந்தப் பழியை முதுகுப்பைக்காரர்மேல் சுமத்துவது நியாயமில்லை. மிஞ்சியிருக்கும் குடும்பங்களுக்குப் பினாங்கு அரசு வாடகைப் பாதுகாப்பு தரட்டும். புது விடுதி உரிமங்களுக்கு வரம்பு வைக்கட்டும்.