படகுக்கு ஆழம், பறவைக்குச் சேறு: பழவேற்காட்டுக்குச் சிங்கப்பூர் ஆறு முன்மாதிரி ஆகுமா?

தமிழகத்தில் நீர்நிலைகளைத் தூர்வாரும் பேச்சு எழும்போதெல்லாம் சிங்கப்பூர் ஆற்றின் பெயரும் சேர்ந்து வருவது வழக்கம். கூவத்தைச் சீரமைக்க 2010 வாக்கில் நம் நாட்டின் ஆலோசனையைத் தமிழக அரசு நாடியதும் அந்தப் பெயருக்கிருந்த மதிப்பால்தான். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் மீனவர்கள் பல ஆண்டுகளாக ஏரியின் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்டு வருகிறார்கள். அங்கேயும் சிங்கப்பூரைப்போல் செய்தால் என்ன என்று சென்னையில் உள்ள உறவினர்கள் நம்மிடம் கேட்கக்கூடும். பதில் சொல்வதற்கு முன் சிங்கப்பூரில் நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

சைனாடவுனின் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826ல் தொடங்கிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும் 1827ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஆற்றிலிருந்து சில நிமிட நடைத்தொலைவில் இருக்கின்றன. அக்காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான் படகுகளில் பெரும்பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் கையில் இருந்தது. பின்னர் சீனர்களின் துவாக்கோ படகுகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆக, இந்த ஆற்றின் முதல் படகோட்டிகளில் நம்மவர்களும் உண்டு. போட் கீயில் இன்று உணவருந்தும் பலருக்கு இது தெரியாது.

1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டு இலக்கு வைத்தார். சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீண்டும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்பது இலக்கு. அதற்காக ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம் மாறின. சுமார் 5,000 சாலையோர உணவுக்கடைக்காரர்கள் அங்காடி நிலையங்களுக்குப் போனார்கள். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. 1983ல் 800க்கும் அதிகமான சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. அதன்பிறகு ஆற்றடியில் படிந்திருந்த நாற்றமெடுத்த சேறு வாரப்பட்டது. மறுகுடியமர்த்தும் செலவு நீங்கலாக ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி செலவானது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கழிவு வரும் வழியை முதலில் அடைத்தார்கள், தூர்வாரியது அப்புறம். தமிழகத்தில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. இயந்திரம் முதலில் ஆற்றில் இறங்குகிறது, சாக்கடையோ வந்துகொண்டே இருக்கிறது. இந்த ஒரு பாடத்தை எந்த ஊருக்கும் தாராளமாக ஏற்றுமதி செய்யலாம்.

மற்றவற்றில் எச்சரிக்கை தேவை. சிங்கப்பூர் ஆற்றில் வாரியது செத்த சேறு. அதில் பெரிதாக எதுவும் வாழவில்லை. அதனால் முழுவதையும் அள்ளிக் கரைக்குக் கற்சுவர் கட்டியதில் இழப்பு குறைவு. 2008ல் மரினா அணைக்கட்டு வந்தபின் கடலுக்கும் ஆற்றுக்கும் இருந்த தொடர்பும் துண்டிக்கப்பட்டது. ஆறு நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியானது. சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளுக்கு ஏற்ற ஆழமும் அமைதியான நீரும் கிடைத்தன. தண்ணீர்ப் பஞ்சம் கண்ட தீவுக்கு அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

பழவேற்காடோ கடல் வாயில் திறந்திருந்தால்தான் உயிர் வாழும் ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவிலும் தென்பகுதி தமிழகத்திலும் கிடக்கிறது. டச்சுக்காரர்கள் 1613ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் இதன் கரையில்தான். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வரும்போது இறால் குஞ்சும் மீன் குஞ்சும் கூடவே வருகின்றன. கோடையில் மணல்திட்டு ஏறி வாயில் அடைபட்டால் ஏரி நீர் வற்றி உப்பு கூடுகிறது, இறால் குறைகிறது. கடலுக்குப் போகும் படகு மணலில் தட்டி நிற்கும். அலை அடித்தால் கவிழும். அரசாங்கத்துக்காகக் காத்திருக்காமல் ஊரே பணம் திரட்டி மணலை வெட்டிவிட்ட ஆண்டுகளும் உண்டு.

இதே ஏரி பறவைகள் சரணாலயமும்கூட. தமிழகப் பக்கம் மட்டும் 153 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. அவை முழங்கால் அளவு நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, சேற்றைக் கலக்கி இரை தேடுபவை. அந்த ஆழம் கூடினால் அவற்றுக்கு உணவில்லை. எனவே சுமார் 27 கோடி ரூபாயில் முகத்துவாரத்தை நிலைப்படுத்த தமிழக அரசு திட்டமிட்டபோது, வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற வேண்டியிருந்தது. மீனவர்களுக்கு அந்தக் காத்திருப்பு எரிச்சல் மூட்டியதில் வியப்பில்லை. பறவைக்காக மனிதன் பட்டினி கிடப்பதா என்ற கேள்வி எழுந்தால் பதில் சொல்வது எளிதன்று.

ஆனால் இதைப் படகுக்கும் பறவைக்கும் நடக்கும் சண்டையாகப் பார்ப்பது பாதி உண்மைதான். வாயில் திறந்திருப்பது இரு தரப்புக்கும் நல்லது. வற்றி உப்பேறிய ஏரியில் பறவைக்கு மட்டும் என்ன கிடைத்துவிடும்? முகத்துவாரத்தில் படகு போகும் அளவுக்கு ஒரு வழியை ஆழப்படுத்துவது ஒன்று. ஏரிக்குள்ளே தட்டையான சேற்றுப் பரப்பைத் தோண்டுவது முற்றிலும் வேறு. அனுமதிக் கடிதத்தில் இரண்டும் ‘தூர்வாருதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதுதான் ஆபத்து.

மீனவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தவர்கள். முகத்துவாரத்தைத் தோண்டக் கேட்கும் அதே மக்கள்தாம் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,100 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை எதிர்க்கிறார்கள். அந்தத் திட்டத்திலும் கடலடியைத் தோண்டும் வேலை உண்டு. தோண்டிய மணலைக் கொட்டிக் கடலை நிலமாக்கும் வேலையும் உண்டு. ஒன்றை வேண்டி மற்றொன்றை மறுப்பது முரண்பாடு என்று சிலர் கேலி பேசுவதுண்டு. எனக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. முன்னது சிறு படகு போய்வரும் வழி, பின்னது கரையின் வடிவத்தையே மாற்றுவது.

கரை எப்படி மாறும் என்பதற்கு மெரினா கடற்கரையைவிட நல்ல சாட்சி வேண்டாம். அந்தக் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் எழுப்பினால், சிறிய அளவிலாவது அதே கணக்கு அங்கும் நடக்கும். தெற்கே சேரும் மணலை எடுத்து வடகரையில் போடும் வேலையும் அதற்கான நிதியும் ஆண்டுதோறும் இருந்தாக வேண்டும். முதல் ஆண்டுத் தொகையை அறிவிக்கும் அமைச்சர்கள் பத்தாம் ஆண்டுச் செலவைப் பற்றிப் பேசுவதில்லை. தூர்வாருதல் என்பது வீடு கூட்டுவதுபோல. இன்று கூட்டினால் நாளையும் கூட்ட வேண்டும்.

உல்லாசப் படகுகளின் கதை வேறு. 2011 கிறிஸ்மஸ் அன்று பழவேற்காட்டில் உலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பிறகு அங்கு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. முகத்துவாரம் சீரானதும் படகுத்துறை, சவாரி, உணவகம் என்று அடுத்த கோரிக்கை வரலாம். இங்கேதான் கோடு கிழிக்க வேண்டும் என்பது என் கருத்து. பிழைப்புக்காகப் போகும் படகுக்கு வழிவிடச் சரணாலயம் சிறிது விட்டுக்கொடுக்கலாம். வார இறுதிப் பொழுதுபோக்குக்காக விட்டுக்கொடுக்க அதற்குக் கடமை இல்லை.

சிங்கப்பூரிடமிருந்து பழவேற்காட்டுக்கு ஏதாவது அனுப்பத்தான் வேண்டுமென்றால், சைனாடவுன் அருகே ஓடும் ஆற்றைவிடப் பொருத்தமானவை இங்கு உண்டு. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக 2012ல் மாற்றினோம். இன்று நீர்நாய்களைப் பார்க்க மக்கள் அங்கு கூடுகிறார்கள். புலாவ் உபினின் செக் ஜாவாவில் 2001ல் நில மீட்புப் பணி தொடங்கும் தறுவாயில், தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் அங்கு வாழும் உயிரினங்களைக் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். அரசாங்கம் பணியைத் தள்ளிவைத்தது. இயந்திரம் இறங்குவதற்கு முன் எடுத்த கணக்கு அது என்பதுதான் அதன் பெருமை.

பழவேற்காட்டில் அப்படிக் கணக்கெடுக்க வெளியாள் வர வேண்டியதில்லை. யார், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை ஊரே முறைவைத்து முடிவு செய்யும் ‘பாடு’ முறை அங்கு வழிவழியாக உண்டு. எங்கே எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தோண்டும் பாதையை வரைபடத்தில் குறிக்கும்போது பொறியாளருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டு மீனவரையும் ஒரு பறவை ஆய்வாளரையும் உட்கார வைக்கலாம். அதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சென்னைக்குச் செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்குப் பழவேற்காடு காரில் போய்வரக்கூடிய தூரம்தான். பூநாரைகள் வரும் பருவமும் அதுவே. கரையில் யாராவது ஆளுக்கு இவ்வளவு என்று படகுச் சவாரிக்கு அழைத்தால் ஏற வேண்டாம். பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம், தொலைநோக்கி இருந்தால் போதும்.