பெரிய சக்கரம் போட்டால் கார் பறக்குமா?

உலகம் முழுவதும் மோட்டார் காரின் சக்கரம் பெரிதாகிக்கொண்டே போகிறது!

1989-ஆம் ஆண்டில் ஜப்பானின் மாஸ்டா கம்பெனி ஒரு சின்ன பந்தயக் காரை வெளியிட்டது. அதன் பெயர் 'மியாட்டா'. இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். அதன் சக்கரம் 14 அங்குலம். இன்று அதே பெயரில் வரும் காருக்கு 16 அங்குலம் அல்லது 17 அங்குலச் சக்கரம். வேறு கம்பெனிகளின் கார்களில் 20, 21 அங்குலம்கூட வந்துவிட்டது.

பார்முலா ஒன் பந்தயத்திலும் இதே கதைதான். அங்கே 2021 வரை 13 அங்குலச் சக்கரம் ஓடியது. 2022-இல் அது 18 அங்குலம் ஆயிற்று.

இதைப் பார்த்த கார்ப் பிரியர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. கம்பெனி கொடுத்த சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். கடையில் பளபளப்பான பெரிய சக்கரத்தை வாங்கி மாட்டுகிறார்கள். அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளில் இது பெரிய வியாபாரம்.

பெரிய சக்கரம் போட்டால் கார் வேகமாக ஓடுமா? அதனால் லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு?

டயரில் எழுதியிருப்பது என்ன?

முதலில் டயரைப் படிக்கத் தெரியவேண்டும். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் அதன் ஜாதகம் எழுதப்பட்டிருக்கிறது.

பழைய மியாட்டாவின் டயரில் 185/60 ஆர் 14 என்று இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டர் கணக்கில். 60 என்பது டயரின் பக்கச்சுவர் உயரம். அதாவது அகலத்தில் 100-க்கு 60 பங்கு. 'ஆர்' என்றால் ரேடியல் டயர். 14 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

அதன் பிறகு 82 என்று ஓர் எண் இருந்தால், அந்த ஒரு டயர் 475 கிலோ எடை தாங்கும் என்று பொருள். கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'எச்' என்றால் மணிக்கு 210 கிலோ மீட்டர் வேகம் வரை தாங்கும். 'வி' என்றால் 240 கிலோ மீட்டர்.

சக்கரம் மாற்றுகிறவர்கள் பலர் கடைசி இரண்டு விவரங்களைப் பார்ப்பதே இல்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. காரின் எடையைத் தாங்காத டயர், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு நாள் வெடிக்கும்.

மீட்டர் பொய் சொல்லும்!

பெரிய ரிம் போட்டால் டயரின் பக்கச்சுவரைக் குறைக்கவேண்டும். அப்போதுதான் மொத்தச் சக்கரத்தின் உயரம் மாறாமல் இருக்கும். விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் இப்படித்தான் செய்வார்கள்.

மியாட்டாவின் பழைய சக்கரம், டயரோடு சேர்த்து 578 மில்லி மீட்டர் உயரம். 15 அங்குல ரிம்மில் 195/50 டயர் போட்டால் 576 மில்லி மீட்டர். கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு தொந்தரவும் இல்லை.

ஆனால் ஒருவர் ஆசைப்பட்டு 16 அங்குல ரிம்மில் 205/50 டயர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் உயரம் 611 மில்லி மீட்டர் ஆகிவிடும்.

பழைய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் 181 சென்டி மீட்டர் நகரும். புதுச் சக்கரம் ஒரு சுற்றில் 192 சென்டி மீட்டர் நகரும். இது காரின் மீட்டருக்குத் தெரியாது! அது பழைய கணக்கிலேயே சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

முன்பு சரியாகக் காட்டிய மீட்டர், இப்போது 100 கிலோ மீட்டர் வேகம் என்று காட்டும்போது கார் சுமார் 106 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும். உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் மீட்டரைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. ஓட்டுகிறவரோ மெதுவாகப் போவதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

வேகம் கூடுமா? குறையுமா?

பெரிய சக்கரம் போட்டால் கார் பறக்கும் என்பது பலருடைய நினைப்பு. நடப்பது வேறு.

குயவரின் சக்கரத்தைச் சுற்றிவிடப் பலம் வேண்டும். அது பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் இன்னும் அதிகப் பலம் வேண்டும். காரின் சக்கரமும் அப்படியே. விளிம்பில் எடை கூடக்கூட, அதைச் சுழற்ற என்ஜின் அதிகம் உழைக்கவேண்டும். நிறுத்தவும் பிரேக் அதிகம் உழைக்கவேண்டும். புறப்படும்போது கார் சோம்பல்படும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ எடையை முதுகில் சுமந்து ஓடலாம். அதே ஒரு கிலோவைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுவது கஷ்டம். காரின் உடம்பில் ஏற்றும் எடை முதுகுச் சுமை. சக்கரத்தில் ஏற்றும் எடை காலில் கட்டிய சுமை. கார் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங்கால் அந்தக் கனத்தை அடக்கமுடியாது. டயர் ரோட்டை விட்டு எழும்பும். எழும்பிய டயருக்குப் பிடிப்பு ஏது?

மின்சாரக் கார்களில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி 2021-இல் 'மாடல் எஸ் பிளெய்டு' என்ற அதிவேகக் காரை விற்பனைக்கு விட்டது. 19 அங்குலச் சக்கரம் போட்டால் ஒரு தடவை சார்ஜ் செய்து 396 மைல் போகலாம். 21 அங்குலச் சக்கரம் போட்டால் 348 மைல்தான். இது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சியின் கணக்கு.

கார் ஒன்றே. பேட்டரி ஒன்றே. சக்கரமும் டயரும் மாறியதால் 48 மைல் போயிற்று. அதாவது சுமார் 77 கிலோ மீட்டர்!

நன்மையே இல்லையா?

உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பக்கச்சுவர் குறைந்த டயர் வளைவில் நெளியாது. ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் கார் திரும்பும். அகலமான டயர் காய்ந்த ரோட்டை நன்றாகப் பிடிக்கும். ரிம் பெரிதாக இருந்தால் உள்ளே பெரிய பிரேக் வைக்கலாம். பந்தய மைதானத்தில் ஓட்டுகிறவருக்கு இவை உண்மையான லாபம்.

ஆனால் மைதானம் வேறு, ஊர் ரோடு வேறு. மழைத் தண்ணீர் நிற்கும் ரோட்டில் அகலமான டயர் தண்ணீரைக் கிழிக்காமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். பள்ளத்தில் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம்.

பழைய மியாட்டாவின் பக்கச்சுவர் 111 மில்லி மீட்டர். ஏறக்குறைய அரைச் சாண். அதே காரில் 17 அங்குல ரிம்மும் 215/35 டயரும் போட்டால் பக்கச்சுவர் 75 மில்லி மீட்டர். நாலு விரற்கடை! பள்ளத்தின் அடியை முன்பு டயரின் காற்று வாங்கிக்கொண்டது. இப்போது ரிம் வாங்குகிறது. ரிம் நெளியும், சில சமயம் விரியும்.

சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி மாட்டுவதும் ஒரு நாகரிகமாகிவிட்டது. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் கை வலிக்காது. கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். வெளியே தள்ளிய சக்கரம் பேரிங்குக்குச் செய்யும் கொடுமையும் அதுதான்.

மூன்று நாடு, மூன்று வழி

சர்க்கார்கள் இதை எப்படிப் பார்க்கின்றன?

ஜெர்மனியில் கண்டிப்பு அதிகம். சக்கரம் மாற்றலாம். ஆனால் அந்தச் சக்கரத்துக்கு அங்கீகாரப் பத்திரம் வேண்டும். பத்திரம் அந்தக் காருக்குப் பொருந்தாவிட்டால் நிபுணரிடம் காரைக் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். ஆபத்து தரக்கூடிய மாற்றத்தை அனுமதியில்லாமல் செய்தால், காரை ரோட்டில் ஓட்டும் உரிமையே போய்விடும்.

ஜப்பானில் 1995-இல் கார் மாற்ற விதிகளைத் தளர்த்தினார்கள். ஆனால் பரிசோதனையை விடவில்லை. புதுக் காரை 3 வருஷத்தில் ஒரு தடவையும், பிறகு 2 வருஷத்துக்கு ஒரு தடவையும் சோதனைக்குக் கொண்டுபோகவேண்டும். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தேறாது.

அமெரிக்காவில் சுதந்திரம் அதிகம். மத்திய சட்டம் கடைக்காரரையும் மெக்கானிக்கையும் கட்டுப்படுத்துகிறது. காரில் உள்ள பாதுகாப்புச் சாதனத்தை அவர்கள் தெரிந்தே செயலிழக்கச் செய்யக்கூடாது. சொந்தக்காரர் தாமே தம் வீட்டில் மாற்றிக்கொண்டால் அந்தச் சட்டம் அவரைத் தொடாது. மற்றதெல்லாம் ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பம்.

இந்தியாவின் வழி ஜெர்மனியைவிடக் கடுமை. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே, சக்கரம் மாற்ற நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன்னால் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்தபிறகு நஷ்டஈட்டுக்கு முட்டுக்கட்டையாகும்.

யார் சொல்வது சரி?

"என் கார், என் பணம், என் இஷ்டம்" என்று பந்தயக் கார்ப் பிரியர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் எந்த நாற்காலி போடுவது என்பது அவரவர் இஷ்டம்.

ஆனால் ரோடு வீடு அல்ல. ஒருவருடைய டயர் வெடித்தால் எதிரே சைக்கிளில் வருகிறவரும் விழுகிறார். அவருடைய இஷ்டத்தை யார் கேட்டார்கள்?

அதற்காக ஒரேயடியாகத் தடை போடுவதும் முழு விடையல்ல. நல்ல மாற்றத்தையும் கெட்ட மாற்றத்தையும் ஒரே தட்டில் வைத்தால், இரண்டும் ஒளிந்து நடக்கும். தகுதியான சக்கரம் எது என்று சோதித்து, முத்திரை குத்தி, ஒழுங்காக அனுமதிக்கும் வழியே மேல். ஜெர்மனியின் முறை இதைத்தான் செய்கிறது. ஆசைக்கும் இடம் உண்டு. உயிருக்கும் காவல் உண்டு.

கார்க் கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய சக்கரம் படத்தில் அழகாக இருக்கிறது. காரும் நல்ல விலைக்குப் போகிறது. டயர் தேய்ந்து புதிது வாங்கும்போதுதான் குடும்பத்தலைவருக்கு விலை தெரிகிறது!

பார்முலா ஒன்னில் சக்கரத்தைப் பெரிதாக்கியபோது காரையே புதிதாக வடிவமைத்தார்கள். சக்கரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங், சக்கரத்துக்கு ஏற்ற உடம்பு எல்லாம் செய்தார்கள். கடையில் மாட்டுகிறவர் சக்கரத்தை மட்டும் மாற்றுகிறார். மற்றதெல்லாம் பழையபடியே இருக்கிறது. வித்தியாசம் இதுதான்.

மாஸ்டா கம்பெனி இந்தப் பாடத்தை உணர்ந்திருக்கிறது. மியாட்டாவின் மூன்றாவது ரகத்தில் சக்கரத்துக்கு 5 நட்டு வைத்தார்கள். 2015-இல் வந்த நாலாவது ரகத்தில் எடையைக் குறைப்பதற்காக மறுபடியும் 4 நட்டாக்கினார்கள். ஒரு நட்டின் கனத்தைக்கூட அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

சக்கரம் வாங்கப் போகிறவரும் அதே கணக்கைப் பார்க்கவேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் கம்பெனி சொன்ன டயர் அளவு இருக்கிறது. அதை முதலில் படிக்கவேண்டும். பளபளப்பைப் பிறகு பார்க்கலாம்!