பேரரசு மனம் இன்னும் மாறவில்லை

நெப்போலியன் தோற்காமல் உலகையே பிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று லூயி ஜெஃப்ருவா 1836-இலேயே ஒரு நாவல் எழுதினார். அந்த வகைக் கற்பனை இன்றும் பலருக்கு இனிக்கிறது: ஒரே பேரரசு, ஒரே சட்டம், இரண்டு தலைமுறைக்குள் எல்லார் வாயிலும் பிரெஞ்சு. உலகம் தப்பித்தது. பிரான்சுக்குள்ளேயே இருக்கும் கோர்சிகாவும் பிரிட்டனியும் தப்பவில்லை.

நெப்போலியன் பிறந்த அஜாக்சியோவில்தான் கோர்சிகாவின் பேரவை கூடுகிறது. அவரே ஒன்பது வயதில் பள்ளிக்குப் போய்த்தான் பிரெஞ்சு கற்றார். அந்த ஊரில், உறுப்பினர்கள் கோர்சிக மொழியிலும் விவாதிக்கலாம் என்று பேரவை வகுத்த விதியை 2023 மார்ச்சில் பஸ்தியா நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் மார்செய் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வெட்கக்கேடு!

எல்லாவற்றுக்கும் கைகாட்டப்படுவது, குடியரசின் மொழி பிரெஞ்சு என்னும் அரசமைப்பின் 2-ஆவது பிரிவு. 1992-இல் அதைச் சேர்த்தபோது ஆங்கிலத்தைத் தடுக்கத்தான் என்றார்கள். அடிபட்டது ஆங்கிலமா? பிராந்திய மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் 1999-இல் பிரான்ஸ் கையெழுத்திட்டதும், அரசமைப்பு மன்றம் அதை முடக்கியது. 2021 ஏப்ரலில் நாடாளுமன்றம் 247-க்கு 76 என்ற வாக்குகளில் பிராந்திய மொழிகளைக் காக்கும் மோலாக் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த மாதமே, பள்ளி முழுவதும் பிராந்திய மொழியிலேயே நடத்தும் கல்விமுறையை அதே அரசமைப்பு மன்றம் அச்சட்டத்திலிருந்து வெட்டியெறிந்தது. பச்சிளங்குழந்தையின் பெயரில் வரும், பிரிட்டனியின் மொழியான பிரெத்தோனின் அலைக்குறியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு சுழியால் குடியரசு சரிந்துவிடுமாம்!

இது நேற்று வந்த வெறி அல்ல. வட்டார மொழிகளை ஒழிக்க வேண்டும் என்று கிரேகுவார் பாதிரியார் 1794-இலேயே அறிக்கை வைத்தார். பின்னாளில் பள்ளிகளில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டார்கள். தாய்மொழி பேசிய இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் அது கழலும். வகுப்புத் தோழனை ஒற்றனாக்கிய அந்தக் கல்வியின் அறுவடையைப் பாருங்கள்: 2018 ஆய்வில் சுமார் 2,07,000 பேராக இருந்த பிரெத்தோன் மொழியினர், 2024 ஆய்வில் 1,07,000 பேராகச் சுருங்கிவிட்டார்கள்.

தேச ஒற்றுமை என்ற சாக்கு இனி எடுபடாது. இன்று பிரெத்தோன் பேசுவோர் பிரெஞ்சும் பேசுகிறவர்களே. 2008-இல் இம்மொழிகளை நாட்டின் பாரம்பரியச் சொத்து என்று அரசமைப்பில் எழுதிவைத்தவர்கள், பேசும் உரிமையை மட்டும் எழுதவில்லை. பாரிஸ் 2-ஆவது பிரிவைத் திருத்தி அந்த உரிமையை எழுதட்டும். கால் நூற்றாண்டாகக் கிடப்பில் கிடக்கும் சாசனத்துக்கு உடனே ஒப்புதல் தரட்டும்.